காற்று ஏறும்போது வாத்து வேட்டைப் படகு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லையாக ஓடும் மேல் மிசிசிப்பி ஆற்றில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தீராத சங்கடம் உண்டு. வடக்கிலிருந்து குளிர்காற்று தள்ளிக்கொண்டு வரும் நாளில்தான் வாத்துக் கூட்டங்கள் தெற்கே இறங்கும். அதே நாளில்தான் 14 அடி அலுமினியப் படகுக்குத் தண்ணீரில் வேலையே இருக்கக்கூடாது. மீன் பிடிக்கப் போனவர் காற்று ஏறினால் கரைக்குத் திரும்பிவிடுவார். வாத்துக்குப் போனவர் "இனிமேல்தான் வரும்" என்று இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார்.

இவர்களில் பலர் தங்களைப் படகோட்டிகளாக நினைப்பதும் இல்லை. துப்பாக்கிக்குச் செலவு செய்வார்கள், நாய்க்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். படகு மட்டும் வேட்டையிடத்துக்குப் போய்வரும் ஒரு வண்டி, அவ்வளவுதான்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வேட்டை குற்றம். ஆகவே இது அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டதும் அவருடைய படகில் ஏறிவிடும் தமிழர்களுக்காக எழுதியது. படகு உங்களுடையதாக இல்லாவிட்டாலும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் மிச்சம் இருப்பது நீங்கள்தான். தட்டையடி அலுமினியப் படகு, அதன் பின்னால் 10 முதல் 25 குதிரைத்திறன் உள்ள அவுட்போர்டு மோட்டார், அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் மாதத் தண்ணீர்: இவற்றை மனதில் வைத்துத்தான் எல்லாம் சொல்லியிருக்கிறது.

கீழே எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பும் இரண்டு வேலை: லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறு ஓட்டுகிறவர்மேல் மாட்டியிருக்க வேண்டும். இந்தக் கயிறு இப்போது சட்டமும்கூட. 26 அடிக்குக் குறைவான படகில் அந்த வசதி இருந்தால், வேகமாக ஓட்டும்போது மாட்டியாக வேண்டும் என்று அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் விதி.

அறிகுறி: லைஃப் ஜாக்கெட் போட்டால் துப்பாக்கி தோளில் உட்காரவில்லை

போடாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் இதுதான். காரணம் உண்மை, முடிவு தவறு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கில், படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். ஆண்டுக்கு ஆண்டு இது பெரிதாக மாறுவதே இல்லை.

தோள்பகுதியில் நுரை இல்லாமல், வேட்டைக்கென்றே தைத்த மெல்லிய ஜாக்கெட்டுகள் கிடைக்கின்றன. உள்ளே நுரை வைத்துத் தைத்த மிதவைக் கோட்டும் உண்டு. அது குளிரையும் தாங்கும், ஆளையும் தாங்கும். கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் வகை பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் கடுங்குளிரில் அதன் வாயுக் குப்பி ஜாக்கெட்டை மெதுவாகவும் குறைவாகவும்தான் உப்பவைக்கும். கயிற்றைத் தேடி இழுக்க விரலும் ஒத்துழைக்க வேண்டும். நவம்பரில் நான் நுரையைத்தான் நம்புவேன்.

அறிகுறி: ஆள் ஏறியதும் படகின் விளிம்பு நீரை ஒட்டி நிற்கிறது

இது கரையிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலான விபத்துகளுக்கு விதை விழுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் ஓட்டுமிடத்துக்குப் பக்கத்தில் கொள்ளளவுத் தகடு ஒன்று அறைந்திருக்கும். எத்தனை பேர், ஆள் எடை எவ்வளவு, ஆள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு, மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று அதில் இருக்கும். மொத்தம் 700 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 318 கிலோ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 'மூன்று பேர்' என்றும் எழுதியிருக்கும். மூன்று பேர்தானே என்று ஏறிவிடுவார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். குளிருடையோடு ஓர் ஆள் 95 கிலோ என்றால் மூவர் 285. லாப்ரடார் நாய் 32. பறக்கும் வாத்துகளை ஏமாற்றி இறங்கவைக்க நீரில் மிதக்கவிடும், கயிறும் ஈய எடையும் கட்டிய பொம்மை வாத்து மூன்று டஜன், 30. துப்பாக்கியும் தோட்டாவும் 15. பெட்ரோல் தொட்டி 20, பேட்டரி 20, மோட்டார் 50. மொத்தம் 452 கிலோ. யாரும் தப்பாக எதையும் ஏற்றவில்லை. ஆனாலும் படகு 134 கிலோ அதிகமாகச் சுமக்கிறது. அந்தத் தகட்டின் எண்ணே அமைதியான வானிலைக்குச் சொன்னது. வாத்துகளின் கண்ணில் படாமல் மறைய, படகைச் சுற்றிச் சட்டகம் கட்டி நாணல் செருகியிருந்தால் மேல்பாரமும் கூடும், காற்றும் பிடிக்கும். தகட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

செய்ய வேண்டியது: ஓர் ஆளைக் குறைக்கவும். பொம்மைகளைப் பாதியாக்கவும். மிச்சத்தைத் தரையோடு, நடுக்கோட்டை ஒட்டி, உருளாதபடி கட்டவும். இரண்டு நடையாகப் போகலாம் என்று சொல்வார்கள். போகலாம்தான். ஆனால் முதல் நடையில் தீவில் இறக்கிவிடும் ஆளோடு தீப்பெட்டி, உலர்ந்த உடை, போன் எல்லாம் இறங்க வேண்டும். இரண்டாவது நடை வராமலும் போகலாம்.

அறிகுறி: தண்ணீரில் வெள்ளை நுரை தெரிகிறது

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை, அலையின் தலையைப் பார்த்தால் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைத்தலை தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). நிறையத் தெரிந்தால் 11 முதல் 16. எங்கு பார்த்தாலும் வெள்ளையாகி, சாரலும் பறந்தால் 17ஐத் தாண்டிவிட்டது. முதல் நிலையில் யோசிக்கலாம், இரண்டாவதில் திறந்த நீரைக் கடக்காதீர்கள், மூன்றாவதில் கரையிலிருந்து கிளம்பவே வேண்டாம். பெருஏரிகளில் 22 நாட்டில்தான் சிறு படகுகளுக்கான அறிவிப்பு வெளியாகும். ஆனால் அந்த அறிவிப்பில் சொல்லப்படும் 'சிறு படகு' என்பதற்குத் திட்டவட்டமான அளவு கிடையாது, அது உங்கள் தட்டையடிப் படகை மனதில் வைத்துச் சொன்னதும் அல்ல. அறிவிப்பு இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகம் மட்டும் போதாது, காற்று எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடி வருகிறது என்பதும் கணக்கு. பெப்பின் ஏரி என்பது மிசிசிப்பி ஆறே அகன்று நிற்கும் இடம். நீளம் சுமார் 35 கிலோமீட்டர். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. வடமேற்குக் காற்று அதன் முழு நீளத்துக்கும் ஓடி வந்தால் கீழ்முனையில் நிற்கும் அலையும், மேல்முனையில் நிற்கும் அலையும் வேறு வேறு ஏரிகள்போல இருக்கும். 1890 ஜூலை 13 அன்று சீ விங் என்ற உல்லாசக் கப்பல் இந்த ஏரியில்தான் புயலில் கவிழ்ந்து 98 பேர் இறந்தார்கள். தெற்குக் காற்றும் லேசுப்பட்டதல்ல. அது ஆற்றோட்டத்துக்கு எதிராக அடிப்பதால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். சிறு படகுக்கு இந்த வகை அலைதான் மிகக் கொடியது.

ஆகவே காற்று எந்தக் கரையிலிருந்து வருகிறதோ அந்தக் கரையை ஒட்டியே போங்கள். வழி இரண்டு மடங்கானாலும் பரவாயில்லை. காலையில் கிளம்பும் முன் இன்றைய காற்றைப் பார்ப்பதோடு, மதியம் அது எந்தத் திசைக்குத் திரும்பும் என்றும் பாருங்கள். காலையில் காற்றுமறைவாக இருக்கும் கரை மதியம் அலை மோதும் கரையாகிவிடும்.

அறிகுறி: வாத்துகள் திடீரென ஏராளமாக, தாழ்வாக, துப்பாக்கிக்கும் அஞ்சாமல் இறங்குகின்றன

வேட்டைக்காரருக்கு இது கொண்டாட்டம். படகோட்டிக்கு இது எச்சரிக்கை மணி.

1940 நவம்பர் 11 அன்று நடந்தது இதுதான். முதல் உலகப்போர் நின்ற நினைவு நாள், விடுமுறை. காலை இதமாக இருந்தது. பலர் மெல்லிய சட்டையோடு மிசிசிப்பியின் தீவுகளுக்குப் போனார்கள். மதியத்துக்குள் வானம் கறுத்தது, காற்று திரும்பியது, வெப்பநிலை மளமளவென்று சரிந்தது. புயலுக்கு முன்னால் ஓடிவந்த வாத்துகள் வானத்தை மூடிக்கொண்டு இறங்கின. அவ்வளவு பறவையை விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. கிளம்ப நினைத்தபோது ஆற்றைக் கடக்க முடியவில்லை. மழை பனிக்கட்டியானது, பிறகு பனிப்புயலானது. மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள். அவர்களில் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் பலர். அன்றைய முன்னறிவிப்பு இந்தப் புயலின் கடுமையைச் சொல்லவில்லை என்பது உண்மை. இன்று கையில் ரேடார் படமே வருகிறது. ஆனால் வாத்து இறங்கும்போது போனை எடுத்துப் பார்ப்பவர் யார்?

செய்ய வேண்டியது எளிது, மனதுக்குத்தான் கடினம். துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போடுங்கள். காற்றழுத்தமானி இருந்தால் அழுத்தம் வேகமாகக் குறைகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வானிலை வானொலியைப் போடுங்கள். அமெரிக்க அரசின் வானிலை ஒலிபரப்பான நோவா வானொலி 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் எந்நேரமும் ஓடும். காற்று திசை மாறியிருந்தாலோ, வெப்பம் சட்டென்று குறைந்திருந்தாலோ உடனே கிளம்புங்கள்.

பொம்மை வாத்துகள்? அலை ஏறிவிட்டால் அவற்றை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் குனிந்து ஒவ்வொன்றாக எடுக்கும்போதுதான் படகு அலைக்கு விலா காட்டி நிற்கும், ஆளும் விளிம்புக்கு வெளியே தொங்குவார், கயிறும் புரொபெல்லரில் சுற்றும். மூன்று ஆபத்தும் ஒரே நேரத்தில். நாளைக்கு வந்து பொறுக்கிக்கொள்ளலாம். தொலைந்தாலும் பிளாஸ்டிக்தான்.

அறிகுறி: அலை முன்முனையைத் தாண்டி உள்ளே விழுகிறது

வேகம் அதிகம், அல்லது முன்பக்கம் பாரம் அதிகம், அல்லது இரண்டும். முதலில் வேகத்தைக் குறையுங்கள். திசை மாற்றவும் முடியாமல் போகும் அளவுக்குக் குறைத்துவிடாதீர்கள். நாயையும் பைகளையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரையும் பின்னால் அனுப்பிவிட்டால் பின்பலகை தாழ்ந்து அங்கே தண்ணீர் ஏறும். அலையை நேருக்கு நேர் குத்தாமல் சற்றே சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் ஏறவிடுங்கள். தட்டையடிப் படகின் சதுர மூக்கு அலையைக் கிழிக்காது, அறையும். அதனால் கரை நேரே இருந்தாலும் கோணல்மாணலாகத்தான் போக வேண்டும்: கொஞ்ச தூரம் வலச்சாய்வு, பிறகு இடச்சாய்வு. திரும்பும் நேரத்துக்கு அலைகளை எண்ணிப் பாருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், அப்புறம் ஓர் அமைதி வரும். அந்த இடைவெளியில் திரும்புங்கள்.

அறிகுறி: பின்னாலிருந்து வரும் அலை படகைத் தூக்கித் தள்ளுகிறது

முன்னாலிருந்து வரும் அலையைவிட இது மோசம், ஆனால் சுகமாகத் தோன்றும். படகு வழுக்கிக்கொண்டு ஓடும், சாரலும் இல்லை. ஆபத்து இரண்டு விதம். ஒன்று, அலையின் முகப்பில் சறுக்கி முன்முனை அடுத்த அலைக்குள் குத்தி, பின்பக்கம் சுழன்று படகு குறுக்காக நின்றுவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். மற்றது, பயந்து சட்டென்று மோட்டாரைக் குறைத்தால் பின்னால் வந்த அலையும் நம் படகே எழுப்பிய அலையும் சேர்ந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும். இந்தச் சின்னப் படகுகள் பலவற்றின் பின்பலகை 15 அங்குலம்தான்.

அலையின் முதுகில் உட்கார்ந்து, அதை முந்தாமலும் அதற்குப் பிந்தாமலும் போவதே வழி. வேகத்தை மாற்றுவதானால் படிப்படியாக. அலை உங்களைத் துரத்திப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், எதிரே உள்ள கரையை மறந்துவிட்டு, ஓர் அமைதி பார்த்துத் திரும்பி, அலைக்கு முகம் கொடுங்கள்.

அறிகுறி: படகு பக்கவாட்டில் தொட்டிலாடுகிறது

யாரோ நிற்கிறார்கள். அல்லது நாய் விளிம்பில் கால் வைத்திருக்கிறது. எழுந்து நின்று சுடுவதும், இருவர் ஒரே பக்கம் திரும்பிச் சுடுவதும், சுட்டவுடன் நாய் பாய்வதும்தான் அமைதியான நீரிலும் ஆள் விழுவதற்கு வழக்கமான காரணங்கள். உட்கார்ந்தே சுடுங்கள். நீங்கள் சொல்லும்வரை நாய் அசையக்கூடாது. அசைந்தால் அதை நடுவில் கட்டுங்கள். சிறுநீர் கழிக்க எழுந்து நிற்பதும் இந்தக் கணக்கில் சேரும். வெட்கப்படாமல் ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது சுடுவது பாதுகாப்புப் பிரச்சினை மட்டுமல்ல. மோட்டாரை அணைத்து, அது தந்த ஓட்டமும் நின்ற பிறகுதான் நீர்ப்பறவையைச் சுடலாம் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி இருக்கிறது.

அறிகுறி: மோட்டார் நின்றுவிட்டது

எல்லோரும் செய்யும் தவறு, உடனே இழுகயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பது. மோட்டார் நின்ற அடுத்த நிமிடம் படகு அலைக்கு விலா காட்டும். ஆகவே முதலில் நங்கூரம். முன்முனையிலிருந்து மட்டும். பின்பலகையில் கட்டினால் அது பின்பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அலை நேராக உள்ளே வரும். கயிறு ஆழத்தைப்போல ஏழு மடங்காவது விடுங்கள்; காற்று பலமானால் பத்து மடங்கு. மிசிசிப்பியின் சேற்றுத் தரையில் காளான் வடிவ நங்கூரம் இழுபட்டுக்கொண்டே வரும், கொழு வைத்த நங்கூரம் குத்திப் பிடிக்கும். நங்கூரம் இல்லையென்றால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்முனையிலிருந்து இழுபட விடுங்கள். படகின் மூக்கு ஓரளவாவது காற்றுப்பக்கம் நிற்கும்.

சரி, இப்போது மோட்டார். அது எப்படி நின்றது என்பதுதான் துப்பு.

ஒரே நொடியில் பட்டென்று அணைந்ததா? கில் சுவிட்ச் கயிறு கழன்றிருக்கும். கனத்த கோட்டு அணிந்த கை தட்டியே கழன்றுவிடும். அது சரியாக இருந்தால் மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள். பொம்மை வாத்தின் கயிறு புரொபெல்லரைச் சுற்றியிருக்கலாம். வெட்டி எடுக்கும்முன் கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இருமி, திணறி, மெதுவாக அணைந்ததா? பெட்ரோல் வரவில்லை. குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் குமிழைத் தொட்டுப் பாருங்கள். சப்பையாக உறிஞ்சப்பட்டிருந்தால் தொட்டி மூடியின் காற்றுத்துளை மூடியிருக்கிறது, திறந்துவிட்டால் போதும். குமிழ் தொளதொளவென்று, அழுத்தி அழுத்தியும் கெட்டிப்படாமல் இருந்தால் எங்கோ காற்று புகுகிறது: குழாயின் இரண்டு முனையும் சரியாக மாட்டியிருக்கிறதா, தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலில் தண்ணீர், அல்லது வடிகட்டியில் பனி. அமெரிக்கப் பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு நாளடைவில் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். போன ஆண்டு மிச்சமிருந்த பெட்ரோலை நவம்பரில் ஊற்றுவது வேண்டாத வேலை. இதைத் தண்ணீரில் வைத்துச் சரிசெய்ய முடியாது, துடுப்பை எடுங்கள்.

பெட்ரோல் நெடி தூக்கலாக அடிக்கிறதா? சோக்கைப் பலமுறை இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து, நாலைந்து இழுப்பு.

மோட்டார் ஓடுகிறது, படகு நகரவில்லை. சின்ன மோட்டார்களில் ஷியர் பின் உடைந்திருக்கும். புரொபெல்லர் எதிலாவது மோதினால் கியரைக் காப்பாற்ற உடைந்துபோகவென்றே வைத்த சின்ன ஊசி அது. மாற்று ஊசியும் இடுக்கியும் மோட்டார் மூடிக்குள்ளேயே இருக்கட்டும். பெரிய மோட்டார்களில் ஊசி இல்லை, புரொபெல்லரின் நடுவே ரப்பர் இருக்கும். அது வழுக்கினாலும் மிக மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் கரை சேர்த்துவிடும்.

மோட்டாரின் பக்கத்தில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிட்டதா? குளிர்விக்கும் நீர் போகவில்லை. அடிப்பகுதியின் உறிஞ்சுதுளையில் பாசியோ சேறோ பனியோ அடைத்திருக்கிறது. அணைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

விடியற்காலையில் இழுகயிறு அசையவே மாட்டேன் என்கிறதா? பலம் காட்டாதீர்கள். உள்ளே தேங்கிய நீர் உறைந்திருக்கிறது, இழுத்தால் நீரிறைக்கும் ரப்பர் இறகு கிழியும். மோட்டாரை நீரில் இறக்கி வைத்துக் காத்திருங்கள். நீர் உறைநிலைக்கு மேலேதான் இருக்கிறது, இளக்கிவிடும். முந்தின நாள் படகை ஏற்றியதும் மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி வடியவிட்டிருந்தால் இது வந்தே இருக்காது.

அறிகுறி: திருப்பினால் படகு சோம்பலாகத் திரும்புகிறது

அடியில் தண்ணீர் இருக்கிறது, பலகைக்குக் கீழே என்பதால் கண்ணில் படவில்லை. வடிகால் அடைப்பானை மாட்டாமல் இறக்கியது, சாரல், நாய் கொண்டுவந்தது, எதுவாகவும் இருக்கலாம். ஓடுகிற தண்ணீர் அசையாத சாமானைவிட ஆபத்தானது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். மின்பம்பு நல்லதுதான், ஆனால் குளிரில் உறையும், நாணல் துணுக்கு அடைக்கும். பயந்துபோன மனிதன் கையில் இருக்கும் பெரிய வாளிக்கு ஈடான பம்பு இன்னும் வரவில்லை. வாளியைக் கயிற்றால் படகோடு கட்டி வையுங்கள்.

உறைநிலைக்குக் கீழே சாரல் பட்ட இடமெல்லாம் பனியாக ஏறும். முன்பக்கமும் நாணல் சட்டமும் கனத்துக்கொண்டே போகும். துடுப்பால் தட்டி உதிர்த்துவிட்டு, சாரல் எழாத வேகத்தில் போங்கள்.

அறிகுறி: மறைவுக்குள் தலைவலி, தூக்கம், குமட்டல்

மூடிய மறைவுக்குள் கேஸ் ஹீட்டர் எரிகிறது, அல்லவா? கார்பன் மோனாக்சைடு. அணைத்துவிட்டு, எல்லாப் பக்கமும் திறந்து, எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். நாய் முதலில் சுருண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: படகு கவிழ்ந்தது, அல்லது ஆள் விழுந்துவிட்டார்

மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் தந்த கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த: குளிர்நீர் பட்டதும் வாய் தானாகத் திறந்து மூச்சிழுக்கும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. லைஃப் ஜாக்கெட் முதலில் காப்பாற்றுவது இந்த ஒரு நிமிடத்தில்தான். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அப்புறம் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். குளிரில் விறைத்து உடனே செத்துவிடுவோம் என்ற பீதியில்தான் அந்தப் பத்து நிமிடம் வீணாகிறது.

அதைக் கரைக்கு நீந்தச் செலவழிக்காதீர்கள். கரை எப்போதும் தெரிவதைவிடத் தூரம். படகின்மேல் ஏறச் செலவழியுங்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காதபடி நுரை வைத்துக் கட்டப்பட்டவை. கவிழ்ந்த படகின் முதுகானாலும் சரி, உடம்பில் எவ்வளவு பகுதியை நீருக்கு வெளியே கொண்டுவர முடியுமோ அவ்வளவு நல்லது. தேடி வருபவர் கண்ணிலும் தலையைவிடப் படகுதான் முதலில் படும். பேசக்கூடிய படகு வானொலி (விஎச்எஃப்) இருந்தால் அவசர அழைப்புக்கான சேனல் 16, போனில் 911. இரண்டும் நீர்புகாத உறையில் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். படகின் பெட்டியில் இருப்பது படகோடு போய்விடும்.

மார்பளவு ரப்பர் கால்சட்டை தண்ணீர் நிரம்பி ஆளை அடியில் இழுத்துவிடும் என்று ஒரு பயம் ஊரெங்கும் உண்டு. உள்ளே இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். அதற்குக் கீழே இழுக்கும் பாரம் இல்லை. நியோப்ரீன் வகை கொஞ்சம் மிதக்கவும் செய்யும். ஆபத்து வெளியே ஏறும்போதுதான்: அப்போது அந்தத் தண்ணீர் முழுப் பாரமாகத் தொங்கும். எனவே தண்ணீரில் அதைக் கழற்றப் போராடாதீர்கள். மல்லாந்து, முழங்காலை மடக்கி, காலில் சிக்கிய காற்றில் மிதந்தபடி படகுக்கு வாருங்கள். இடுப்பு வாரை இறுக்கமாகக் கட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போவதே குறையும்.

மேலே இருப்பவருக்கு: மோட்டாரை அணைத்த பிறகே ஆளை நெருங்குங்கள். விலாப்பக்கமாக இழுத்தால் நீங்களும் விழுவீர்கள். முன்முனை அல்லது பின்பலகை வழியாக ஏற்றுங்கள்.

அறிகுறி: கூட வந்தவர் உளறுகிறார், பொத்தான் போட முடியவில்லை, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறார்

உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குகிறது. நனையாமலும் இது வரும், காற்றும் வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையும் போதும். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிறது என்று பொருள். ஈர உடையைக் களைந்து உலர்ந்த கம்பளி, தலைக்குத் தொப்பி, மார்பிலும் அக்குளிலும் சூடு. கைகாலைத் தேய்க்கக் கூடாது, நடக்கவைக்கக் கூடாது, படுக்க வையுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுக்கலாம். விஸ்கி வேண்டாம், தோலுக்குச் சூடு தருவதுபோல இருந்து உள்சூட்டைப் பறித்துவிடும்.

அறிகுறி: இருட்டுகிறது, கரை தெரிகிறது, கடக்க முடியாது

கடக்காதீர்கள். 1940 புயலில் தீவிலேயே தங்கி, நெருப்பு மூட்டி, இரவெல்லாம் அசைந்துகொண்டே இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். மறுநாள் வினோனா ஊரின் விமானி மேக்ஸ் கான்ராட் தன் சிறு விமானத்தில் பறந்து, தீவுகளில் சிக்கியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, உணவும் தீப்பெட்டியும் அடைத்த டப்பாக்களைப் போட்டார். மீட்புப் படகுகளுக்கு வழியும் காட்டினார்.

படகைக் கரையேற்றி, காற்றுப்பக்கம் அடிப்பாகம் இருக்கும்படி சாய்த்து நிறுத்துங்கள், அதுதான் சுவர். ஈரத்தரையில் நேராக உட்காராமல் நாணல், பை, பொம்மை வாத்து, எதையாவது அடியில் போடுங்கள். நெருப்பைப் பெரிதாக வளர்ப்பதைவிட விடியும்வரை விறகு வருமா என்று பாருங்கள். துப்பாக்கியால் இடைவெளி விட்டு மூன்று முறை சுடுவது பழைய உதவிக் குறி. வேட்டைக்காலத்தில் அதை யாரும் கவனிக்காமல் போகலாம் என்பதால் விசிலும் டார்ச்சும் வேண்டும். போனில் சார்ஜ் குறைவாக இருந்தால் பேச வேண்டாம். இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு அணைத்து, உடம்போடு ஒட்டிச் சூட்டில் வையுங்கள்.

எங்கே போகிறோம், எந்தத் துறையில் படகை இறக்கினோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று காலையில் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். அந்த நேரம் தாண்டினால் அவர்கள் ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டிருப்பார்கள், ஆற்றில் தேடும் படகு இறங்கியிருக்கும். ஆகவே கரை சேர்ந்ததும் முதல் அழைப்பு அவர்களுக்கு. படகை டிரெய்லரில் ஏற்றுவது அதற்கப்புறம்.